அம்மாவின் துண்டில் இருந்த 2/52

கேள்வி: ஐயா, எங்கட இடம் மூதூர்ப் பக்கம். ஏழு கிழமைக்கு முன் அம்மாவுக்கு (58 வயது) அரச ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் நடந்தது. முதல் நாள் இரவு சிங்களத்தில் இருந்த படிவமொன்றில் ஒப்பம் வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நாலாம் நாள் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு விட்டார்கள். 23ஆம் நாள் காய்ச்சல், காயத்தில் சீழ். வேறோர் ஆஸ்பத்திரியில் காயத்தைத் திறந்து சுத்தம் செய்து ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள் என்பது அங்கேதான் எங்களுக்குத் தெரியவந்தது. முதல் ஆஸ்பத்திரியில் அம்மாவின் வார்ட் டிக்கட்டின் (வார்டில் இருந்த நாட்களின் சிகிச்சைப் பதிவு) பிரதியைக் கேட்டேன். "அது ஆஸ்பத்திரிச் சொத்து" என்று ஏசி அனுப்பிவிட்டார்கள். அது நடந்து 12 நாள். ஒப்பம் வைத்தபடியால் இனி ஒன்றும் கேட்க முடியாதா? கேட்டால் அம்மாவைக் கிளினிக்கில் கவனிக்காமல் விட்டுவிடுவார்களா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பயத்தில்தான் திருகோணமலையில் பல குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டு வீடு போகின்றன. முறைப்பாடு கொடுத்தார் என்பதற்காக அரச ஆஸ்பத்திரி ஒருவருக்கு மருந்து மறுக்க முடியாது. மறுத்தால் அது இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை மீறும் புதிய குற்றச்சாட்டாகிவிடும். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் காயத்தைச் சுத்தம் செய்த ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்கே அம்மாவைத் தொடர்ந்து கூட்டிப் போங்கள். சிகிச்சையை மட்டும் ஒரு நாளும் விடவேண்டாம்.

நீங்கள் அனுப்பிய டயக்னோசிஸ் கார்ட் (வீட்டுக்கு விடும்போது தரும் துண்டு) படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வரி ஆங்கிலம், அதன் கீழே சரிவாக 'ஆர்/வி 2/52' என்று எழுதியிருக்கிறது. அதை வார்ட் இலக்கம் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது இலக்கம் அல்ல. ஆண்டுக்கு 52 கிழமை. 2/52 என்றால் டொக்டர்மாரின் குறியீட்டில் இரண்டு கிழமை. 'ஆர்/வி' என்றால் 'ரிவியூ', திரும்பப் பார்த்தல். இரண்டு கிழமையில் திரும்ப வந்து காட்டுங்கள் என்பதுதான் அந்த வரி. துண்டு வெட்டி இரண்டு கிழமையில், அதாவது ஒப்பரேஷன் முடிந்த 18ஆம் நாளளவில், அம்மா போயிருந்தால் காயத்தை அன்றே பார்த்திருப்பார்கள். போனது 23ஆம் நாள், அதுவும் காய்ச்சலோடு.

உங்கள் விடயத்தின் முடிச்சே இந்த வரியில் இருக்கிறது. நாளைக்கு வழக்கென்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, "வரச்சொன்னோம், அவர் வரவில்லை" என்பதுதான். உங்கள் பதில், "அம்மாவுக்கு விளங்கும் மொழியில் யாரும் சொல்லவில்லை" என்பது. அதைச் சொல்ல உங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. நோயாளர் உரிமைகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ். இங்குள்ள அரச நிறுவனம் தமிழ் பேசும் ஒருவரிடம் தமிழில் கருமம் ஆற்றவேண்டும். டொக்டருக்குத் தமிழ் வராதது அவருடைய குற்றமல்ல. தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு "நோகுதா அம்மா" என்று கேட்டு இரவு பகலாக வேலை செய்யும் சிங்கள டொக்டர்மாரை நான் பார்த்திருக்கிறேன். மிஸ்ஸியையோ (தாதியையோ) வேறொரு ஊழியரையோ கூப்பிட்டு மொழிபெயர்க்கவைக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. தமிழ்ப் படிவம் வைத்திருக்கவேண்டியதும் அவர்கள்தான். இதை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதை இதற்காகவே அமைத்தது.

ஒப்பம் பற்றி. என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று விளங்கிக்கொண்டு சம்மதிப்பதுதான் சம்மதம். விளங்காத தாளில் வைத்த ஒப்பம் பலவீனமான சான்று. கவனக்குறைவுக்கு எந்த ஒப்பமும் மன்னிப்பு ஆகாது. ஆனாலும் ஒன்றை நேராகச் சொல்லவேண்டும். வலி தரும் பித்தப்பைக் கல்லுக்குப் பையோடு எடுப்பதுதான் வழமையான சிகிச்சை. சொல்லியிருந்தால் அம்மா மறுத்திருப்பாரா என்று நீதிமன்றம் கேட்கும். "பையை எடுத்தது பிழை" என்று வாதாடப் போகாதீர்கள். "சொல்லாதது பிழை" என்பதில் நில்லுங்கள்.

இனி டிக்கட். தாள் ஆஸ்பத்திரியுடையதாகவே இருக்கட்டும், அதில் உள்ள தகவல் அம்மாவைப் பற்றியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒருவரின் மருத்துவப் பதிவை மற்றவருக்குக் கொடுப்பதைத்தான் தடுக்கிறது. அதுவும் அவர் எழுத்தில் சம்மதித்தால் தடையில்லை. ஆகவே விண்ணப்பம் அம்மாவின் பெயரில் போகட்டும். உங்களைத் தன் சார்பில் பெற்றுக்கொள்ள அனுமதிப்பதாக அவரே ஒரு வரி எழுதி ஒப்பமிடட்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. டிக்கட்டில் காய்ச்சல் அட்டவணை, மிஸ்ஸிமாரின் குறிப்பு, சம்மதப் படிவம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "முழுப் பதிவு" என்று மட்டும் எழுதினால் டயக்னோசிஸ் கார்டின் பிரதியைத் தந்து முடித்துவிடுவார்கள்.

நாள்கணக்கில் கவனமாக இருங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரே ஒரு மாதம்தான். படிவத்தில் ஒப்பம் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் அது கடந்துவிட்டது. ஆனால் டிக்கட்டைத் தரமறுத்தது 12 நாளுக்கு முன். தகவல் பெறும் உரிமையும் 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தத்தோடு 14அ உறுப்புரையாக அடிப்படை உரிமைகளில் சேர்ந்திருக்கிறது. ஆக அந்த மறுப்புக்கு இன்னும் இரண்டரைக் கிழமை மிச்சம். கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, முறைப்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தோடு நின்றுவிடாமல், விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதங்களையும் வாங்கி வையுங்கள்.

நட்டஈட்டு வழக்கு வேறு. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு வருடம் இருக்கிறது. அரசுக்கு எதிரானதென்றால் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், ஆகவே கடைசி மாதம்வரை காத்திருக்கக் கூடாது. வழக்கில் இரண்டு விடயங்களை நிரூபிக்கவேண்டும்: கவனக்குறைவு, அந்தக் கவனக்குறைவினாலேயே பாதிப்பு. இரண்டாவதில்தான் மனிதர் விழுகிறார்கள். பேராசிரியர் பிரியானி சொய்சா எதிர் ரியென்சி அர்சகுலரத்ன வழக்கில், இறந்துபோன சிறுமியின் தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனக்குறைவுக்கும் மரணத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அதையும் இல்லாமல் ஆக்கியது. ஒப்பரேஷனுக்குப் பிறகு காயம் சீழ் பிடிப்பது நல்ல கவனிப்பிலும் நடக்கக்கூடியது. ஆகவே துண்டு வெட்டிய அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததா என்பதை டிக்கட்டில் பார்க்காமல் வழக்குப் போடச் சொல்லமாட்டேன். பார்த்த பிறகும் வேறொரு சத்திரசிகிச்சை நிபுணரின் கருத்து வேண்டும். வசதி குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை அணுகலாம்.

டொக்டரின் நடத்தை பற்றி மருத்துவ சபைக்கு முறையிடச் சத்தியக்கடதாசி வேண்டும். அதையும் டிக்கட் கைக்கு வரும்வரை தள்ளிவையுங்கள். வெளியில் வாங்கிய மருந்து, ஸ்கான், மூதூரிலிருந்து போய்வந்த வாகனம், எல்லாப் பற்றுச்சீட்டையும் ஒரு கவருக்குள் போடுங்கள். வெப்பத் தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும், இன்றே படம் எடுத்துவிடுங்கள். துண்டு தந்த அன்று யார் என்ன சொன்னார், பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார் என்பதை அம்மாவிடம் கேட்டுத் திகதியோடு எழுதி, அவருடைய ஒப்பத்தையும் வாங்குங்கள்.

திங்கள் காலை விண்ணப்பத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றில் ஏற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதப்படாமல் திரும்பி வந்து, அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.