தினமும் வெயிலில் நடந்தும் வைட்டமின் டி குறைவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 56. திருச்சியில் வசிக்கிறேன். ஓராண்டாகத் தினமும் காலை 6 மணிக்கு மொட்டை மாடியில் அரை மணி நேரம் இளவெயிலில் நடக்கிறேன். பகலில் கண்ணாடி ஜன்னலோரம் மேலே வெயில் படும்படி அமர்ந்து தைக்கிறேன். ஆனாலும் இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது. வெயிலை என் உடல் ஏற்கவில்லையா? வாரம் ஒரு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். அதைத் தவிர்த்து வெயிலாலேயே சரிசெய்ய முடியாதா? இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், குறை உங்கள் உடலில் இருப்பதாகத் தோன்றவில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த நேரமும் அந்தக் கண்ணாடியுமே முதற்காரணங்கள். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், உடலில் உறைக்கும் வெப்பமும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் கலந்து வருகின்றன. இவற்றுள் புற ஊதா 'பி' என்னும் சிறு பகுதி மட்டுமே தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை வைட்டமின் டி-யாக மாற்றும் ஆற்றல் பெற்றது. அந்தப் பகுதியில் பெரும்பங்கை வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோன் உறிஞ்சிவிடுகிறது. உச்சி வேளையில் கதிர்கள் ஓசோனை ஏறக்குறைய நேராகக் கடந்து வருவதால் ஓரளவாவது தரைக்குத் தப்பி வருகின்றன. காலை 6 மணிக்கோ சூரியன் தொடுவானத்தை ஒட்டி இருப்பதால், அதே அடுக்கைச் சாய்வாக, பல மடங்கு நீண்ட தொலைவு கடக்க வேண்டியிருக்கிறது. வந்து சேர்வது வெளிச்சமும் இதமான சூடும்தான். உங்களுக்குத் தேவையான கதிர் அநேகமாக இராது. போதாக்குறைக்கு, தை மாதத்தில் திருச்சியில் 6 மணிக்குச் சூரியன் உதித்திருக்கவே மாட்டான்.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வானில் சூரியன் நிற்கும் உயரம்தான், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு அன்று. பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில் என்றால் பலர் நம்புவதில்லை; ஜூலையில் அது 15.2 கோடியாகிறது. எனவே கடிகாரத்தைவிட உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் அந்த வெயிலில் வைட்டமின் டி குறிப்பிடத்தக்க அளவு உருவாகும். திருச்சியில் சித்திரை மாதத்தில் காலை 9 மணியைத் தாண்டியதும் இந்த நிலை வந்துவிடும். மார்கழியில் 10 மணிக்கு மேலாகும். முன்பெல்லாம் வற்றல், வடகம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் மாடிக்குப் போன பெண்களுக்குச் சரியான நேரத்து வெயில் தானாகவே கிடைத்தது. இன்று உடல்நலத்துக்கென்று மாடிக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் போய்விடுகிறார்கள்!

ஜன்னல் கண்ணாடி புற ஊதா 'பி' கதிரை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். ஆனால் தோலைக் கறுக்கவைத்துச் சுருக்கம் தரும் 'ஏ' வகைக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆகவே ஜன்னலோர வெயிலில் உங்களுக்குக் கிடைத்தது நன்மையற்ற பங்கு மட்டுமே.

எவ்வளவு தோலில் படவேண்டும் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று நல்ல விடை தருகிறது. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு வளைவு நோயுற்ற குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கால் சிகிச்சை அளித்தார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும் மற்றொரு கையின் எலும்பும் தேறியது. தோலில் உருவாகும் பொருள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது என்பதே காரணம். எனவே முகத்தை மூடிக்கொண்டு, இரு கைகளும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் வெயில் படும்படி, வாரத்தில் நான்கைந்து நாள் 20 முதல் 30 நிமிடம் இருந்தால் போதும். நம் தோலின் கருமை ஒரு பாதுகாப்பு. அதனாலேயே வெளிர்நிறத்தாரைவிட நமக்கு அதிக நேரம் தேவைப்படுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் நடுப்பகல் வேண்டாம், 9 மணிக்கு மேல் சிறிது நேரமே போதும். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். சூரியனை, அது உதிக்கும் வேளையாயினும், உற்றுப் பார்க்கக் கூடாது. விழித்திரை நிரந்தரமாகப் பழுதாகலாம்.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது சிலருக்கு வெயில் பட்ட இடத்தில் சிவப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். இரத்தத்தில் கால்சியம் கூடவும் இடம் தரும். மருத்துவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: 11 என்ற அளவு, மில்லிலிட்டருக்கு நானோகிராமில், பற்றாக்குறைதான், 20க்குக் கீழே இருந்தாலே அப்படித்தான் கருதுகிறோம். இந்த வயதில், மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலியும் காலத்தில், வெயிலை மட்டும் நம்பிக் காத்திருப்பது நல்லதல்ல. வழக்கமாக 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாக எட்டு வாரம் தருவோம். கொழுப்புச் சத்துள்ள உணவுக்குப் பின் விழுங்கினால் நன்றாக உறிஞ்சப்படும். மத்தி மீனும் முட்டையின் மஞ்சள் கருவும் சிறிது உதவும், அவ்வளவே.

வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எண்ணிச் சாப்பிடுவது ஆபத்தானது. வெயிலால் இந்தச் சத்து மிகையாகாது. தேவைக்கு மேற்பட்டதைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடும். மாத்திரைக்கு அத்தகைய தடுப்பு இல்லை. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தணியாத தாகம் எனத் தொடங்கி, சிறுநீரகம் பாதிக்கப்படும் வரை போகலாம். மருந்து தொடங்குமுன் இரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்; எட்டு வாரம் முடிந்தபின், ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் வைட்டமின் டி அளவை மறுபடி பாருங்கள். அப்போதும் 20ஐத் தாண்டவில்லை என்றால்தான் குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் கோளாறு உண்டா என்று தேட வேண்டியிருக்கும்.