20 வயசுத் தங்கச்சிய சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக விடாம அரசாங்கம் தடுக்க ஏலுமா?

ஏலும். எங்கட இலங்கை அரசியலமைப்பில 14ம் உறுப்புரை நாட்டுக்குள்ள நடமாடவும் நாட்டுக்குத் திரும்பி வரவும் உரிமை தருது, ஆனா வெளிய போற உரிமை எண்டு அதில தனியா ஒண்டும் எழுதியில்ல. அமெரிக்காவே 2017 செப்டம்பர்ல இருந்து தன்ட ஆக்கள் வடகொரியாவுக்கு அமெரிக்க பாஸ்போர்ட்ல போக ஏலாது எண்டு வச்சிருக்கு, விசேஷ அனுமதி எடுத்தாத்தான் போகலாம்.

இஞ்ச கதை வேற, இது நாட்டுக்குத் தடை இல்ல, வயசுக்குத் தடை. வீட்டு வேலைக்குப் போற பொம்பிளைகளுக்கு ஆகக் குறைஞ்சது 21 எண்டு 2022ல அமைச்சரவை முடிவெடுத்தது. திருகோணமலையில இருக்கிற எங்களுக்கு இதுக்குக் காரணம் சொல்லத் தேவையில்ல, மூதூர் றிசானா நபீக் 2005ல 17 வயசில, பாஸ்போர்ட்ல வயசக் கூட்டிப் போட்டுத்தான் சவூதிக்கு அனுப்பப்பட்டா, அவட பொறுப்பில இருந்த குழந்தை செத்த வழக்கில 2013 ஜனவரி 9ல தலைய வெட்டிட்டாங்க. இப்பவும் நினைச்சா நெஞ்சு பதறுது.

அதால தங்கச்சிக்கு 21 ஆகட்டும், பிறகு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சிட்டு அனுப்புங்க. விசிட் விசாவில போகலாம், வயச மாத்தலாம் எண்டு எந்த ஏஜென்ட் சொன்னாலும் பாஸ்போர்ட்ட அவன்ட கையில குடுத்திடாதீங்க.