திரும்ப வாங்காத நோட்டு

அன்புள்ள ஐயா,

அரசியலமைப்பைத் திருத்த மாநாடு கூட்டும்படி அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தான் முன்பு அனுப்பியிருந்த வேண்டுகோள்கள் அனைத்தையும் டெலவேர் மாநிலம் 2016இல் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று படித்தேன். மாநிலங்களுக்கு இருக்கும் கடைசி ஆயுதத்தைத் தானாகவே கீழே போடுவது கோழைத்தனம் அல்லவா? இவ்வாறு திரும்பப் பெறுவது செல்லுமா? நம் மாநிலங்களுக்கு இந்த உரிமை உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு ஒரு வரி போதும்: கிடையாது; நம் அரசியலமைப்பின் 368ஆம் பிரிவின்படி திருத்தம் நாடாளுமன்றத்தில்தான் தொடங்க வேண்டும். செல்லுமா என்பதை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் கோழைத்தனம் என்ற சொல்லை இவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

என் தந்தை பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் புரோ நோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தார். வட்டியும் முதலுமாகத் தீர்த்த அன்று, நோட்டைத் திரும்பக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்று கூச்சப்பட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிட்டார். தந்தை இறந்த மறு ஆண்டு, கடன் கொடுத்தவரின் மகன் அந்த நோட்டுடன் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் என் தந்தையின் கையெழுத்து மை மங்காமல் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு வரவுகூட எழுதப்பட்டிருக்கவில்லை. அம்மா தன் வளையலை விற்று அந்தக் கடனை இரண்டாம் முறை அடைத்தார்.

டெலவேர் செய்தது நோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்த வேலை. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 34 மாநிலச் சட்டமன்றங்கள் கேட்டால் காங்கிரஸ் மாநாட்டைக் கூட்டியாக வேண்டும் என்று சொல்லும் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு, அந்த வேண்டுகோள் எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. 1789இல் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்ட ஒரு திருத்தம் 1992இல்தான் நிறைவேறி 27ஆம் திருத்தமானது என்றால், அந்த நாட்டில் பழைய காகிதத்துக்கு என்ன ஆயுள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வரவு செலவைச் சமன் செய்யக் கட்டாயப்படுத்தும் திருத்தத்துக்காக மாநாடு கேட்ட மாநிலங்கள் 1983இல் 32 ஆயின. இன்னும் இரண்டு வந்திருந்தால் கதவு திறந்திருக்கும். அலபாமாவும் புளோரிடாவும் 1988இல் பின்வாங்கின. ஆனால் மற்ற மாநிலங்களின் பழைய தீர்மானங்களை, அவற்றுக்கு வாக்களித்தவர்களில் பலர் இறந்த பின்னும், மாநாடு கேட்கும் இயக்கத்தினர் இன்றைய விருப்பமாகவே எண்ணிக்கையில் சேர்த்து வந்தார்கள். 1787இல், அதுவரை அந்நாட்டின் அடிப்படைச் சட்டமாக இருந்த கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவதற்கென்று பிலடெல்பியாவில் கூடியவர்கள், அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிய அரசியலமைப்பையே எழுதி முடித்தார்கள் என்பதால், மாநாடு ஒரு பொருளோடு நிற்கும் என்ற உறுதியும் எவருக்கும் இல்லை.

அந்தப் புதிய அரசியலமைப்புக்கு முதலில் ஒப்புதல் தந்த மாநிலம் டெலவேர்தான், நண்பரே, 1787 டிசம்பர் 7இல். மாநாடு வேண்டுமென்று இன்றைய டெலவேர் சட்டமன்றம் நினைத்தால், புதிதாக ஒரு தீர்மானம் போட்டுக் கேட்க அதற்கு எந்தத் தடையும் இல்லை. அதில் இன்று உயிரோடிருப்பவர்களின் கையெழுத்து இருக்கும்.