அழ வைக்கும் பாட்டைக் கேட்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. ராத்திரியில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் போட்டுக் கேட்டு அழுகிறேன். "இதையே கேட்டால் மனசு இன்னும் கெட்டுப்போகும், ஜாலியான பாட்டாகக் கேள்" என்கிறார் கணவர். நான் செய்வது தவறா?

பதில்: தவறே இல்லை. அம்மாவைப் பறிகொடுத்த துக்கத்துக்கு மூன்று மாதமெல்லாம் ஒரு கணக்கா? அந்த அழுகைக்குப் பயப்படாதீர்கள். உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் நொந்து கிடக்கும் மனசில் துள்ளல் பாட்டு சட்டென்று ஒட்டாது. பலருக்கு எரிச்சல்தான் வரும்.

பாட்டு முடிந்து அரை மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறீர்கள்? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். நெஞ்சு லேசாகி, முகம் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறதென்றால் அந்தப் பாட்டு உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. "இன்னும் முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாமோ" என்று அதே நினைப்பில் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், கடைசி வரி முடிவதற்குள் கட்டைவிரல் தானாகப் போய்ப் பாட்டை முதலிலிருந்து ஓட விடுகிறது என்றால், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். நேற்று ஆற்றிய அதே பாட்டு இன்றைக்குப் புண்ணைக் கிளறலாம்.

மனம் சிலிர்க்கும் இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் சுரப்பதை, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். பிடித்த இடம் வருவதற்குச் சற்று முன்பே, அதை எதிர்பார்க்கும்போதே, சுரக்கத் தொடங்கிவிடுகிறது. பழகிய பாட்டில் அடுத்த வரி என்னவென்று உங்களுக்குத் தெரியும். வாழ்க்கையில் எல்லாம் கலைந்துபோன நேரத்தில், எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த வரி வந்து நிற்பது சின்ன ஆறுதல் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இசை சிகிச்சையாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மனசு எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போவது. ராத்திரியில் அம்மாவின் பாட்டு ஒன்று, அப்புறம் சோகம் குறைந்த ஒன்று, அப்புறம் வரிகளே இல்லாத மெதுவான வாத்திய இசை. சத்தம் குறைவாக இருக்கட்டும். பிறகு அணைத்துவிடுங்கள். விடிய விடிய ஓட விட வேண்டாம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேருக்கு வெவ்வேறு இசையைப் போட்டுக் காட்டினார்கள். வேகமான இசையில் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. இடையில் விட்ட 2 நிமிட மௌனத்திலோ, இசை தொடங்கும் முன் இருந்ததைவிடவும் கீழே இறங்கின. பாட்டுக்குப் பின் வரும் அமைதியும் மருந்துதான்.

முடிந்தால் கூடவே முணுமுணுங்கள். ஒரு வரியை இழுத்துப் பாடும்போது மூச்சு நீளமாக வெளியே போகிறது. அப்போது இதயத் துடிப்பு தானாகத் தணியும். மனைவியை இழந்து, எதுவும் பேசாமல் என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், மேஜையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே ஒரு பல்லவியை முனகினார். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

சரி, பாட்டு மட்டும் போதாத நிலையும் உண்டு. மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது என்பதற்காகவே ஒருமுறை டாக்டரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, பசி இல்லை, அன்றாட வேலை ஓடவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை வேண்டும். வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேரும்போது கூடுதல் பலன் கிடைக்கிறது. மாத்திரைக்கு மாற்றாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம். "நானும் போய்விடலாம்" என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தள்ளிப்போடாமல் அன்றைக்கே வீட்டில் சொல்லி, டாக்டரிடம் வந்துவிடுங்கள்.

இன்று ராத்திரி பாட்டுப் போடும்போது கணவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் அம்மா என்ன செய்துகொண்டிருப்பார் என்று அவரிடம் சொல்லுங்கள்.