சிமுலேஷன் மென்பொருளைச் சரிபார்க்கும் வேலை உண்மையில் இயற்பியல்தானா?

வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறீர்கள். துகள்கள் ஒரு பொருளுக்குள் எப்படிப் போகும் என்று கணினியில் நடத்திப் பார்க்கும் (அதுதான் சிமுலேஷன்) ஜியான்ட்4 மென்பொருளின் பழைய வெர்ஷனிலும் புதிய வெர்ஷனிலும் ஒரே புரோகிராமை ஓட்டி, விடை மாறுகிறதா என்று பார்ப்பது உங்கள் புராஜெக்ட். கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் புதுத் தலைப்பு கிடைத்திருக்க, உங்களுக்கு மட்டும் கணக்குப்பிள்ளை வேலை வந்துவிட்டதே, இது இயற்பியல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குடியாத்தத்துக்காரன். படித்தது வேலூரில். 9 வருடமாக ஒரு டிடெக்டர் (துகள்களைப் பதிவு செய்யும் கருவி) குழுவில் சிமுலேஷனைச் சரிபார்ப்பதும், அதில் ஈடுபட்டிருப்பவர்களை ஒருங்கிணைப்பதும் என் வேலை. உங்கள் கேள்விக்கு என் பதில்: இயற்பியல்தான். நான் அதை மறந்த ஒரு சமயத்தில் மூன்று வாரம் வீணானது. அதை முதலில் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். தண்ணீர்த் தொட்டிக்குள் 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) புரோட்டான் கற்றையை விட்டு, எந்த ஆழத்தில் எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்று பார்க்கும் எளிய சோதனை. புரோட்டான் உள்ளே போகப் போக வேகம் குறையும். வேகம் குறையக் குறைய அதிக ஆற்றலை விட்டுச் செல்லும். நிற்கப்போகும் இடத்தில் மிச்சமிருப்பதை மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அந்த இடத்தைத்தான் பிராக் உச்சி என்கிறோம். 150 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அது தண்ணீரில் ஏறத்தாழ 15.8 செ.மீ. ஆழத்தில் வரும். எங்கள் புது வெர்ஷனில் உச்சி முக்கால் மில்லிமீட்டர் ஆழமாகத் தள்ளிப்போயிருந்தது. புது வெர்ஷனில் பிழை இருக்கிறது என்று குழு முழுவதற்கும் மெயில் போட்டுவிட்டேன்.

மென்பொருள் துகளை ஒவ்வொரு தடவையும் நகர்த்தும் ஸ்டெப் நீளத்தை மாற்றிப் பார்த்தோம். எந்த வரம்புக்குக் கீழே புதுத் துகளை உருவாக்க வேண்டாம் என்று சொல்லும் கட் அளவை மாற்றினோம். மின்காந்த மாடலை மாற்றினோம். எதற்கும் அது அசையவில்லை. கடைசியில் விஷயம் வேறு இடத்தில் கிடந்தது. பழைய புரோகிராமில் தண்ணீரைக் கையால் செய்திருந்தார்கள்: இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், அடர்த்தி 1, சராசரிக் கிளர்ச்சி ஆற்றல் (பொருளில் உள்ள எலக்ட்ரான்களைக் கிளறிவிடச் சராசரியாகத் தேவைப்படும் ஆற்றல்) 75 எலக்ட்ரான் வோல்ட். புரோகிராமைப் புது வெர்ஷனுக்கு மாற்றிய நண்பர், ஏற்கெனவே உள்ளே தயாராக ஒரு தண்ணீர் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டார். அதில் அந்த ஆற்றல் 78. இரண்டுமே அவரவர் காலத்துக்குச் சரியான எண்கள்தான். கதிர்வீச்சு அளவீடுகளுக்கான சர்வதேச ஆணையமே முன்பு 75 என்று பரிந்துரைத்து, பிறகு தன் 90ஆம் அறிக்கையில் 78 என்று திருத்தியிருக்கிறது. இந்த எண் கூடினால் புரோட்டான் இழக்கும் ஆற்றல் குறையும், அது இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். புரோட்டான் இழக்கும் ஆற்றலைச் சொல்லும் பெத்தே சூத்திரத்தில் இது லாகரிதத்துக்குள் இருப்பதால், எண்ணில் 4 சதவீத மாற்றம் ஆழத்தில் அரை சதவீதம் அளவுக்குத்தான் தெரியும். 15.8 செ.மீ.யில் அரை சதவீதம் போட்டுப் பாருங்கள். எங்கள் முக்கால் மில்லிமீட்டர் வந்துவிடும்.

மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லை. பெத்தே சூத்திரத்தை வைத்து அரைப் பக்கம் கணக்குப் போட்டிருந்தால் முதல் நாள் மாலையிலேயே எனக்குப் புரிந்திருக்கும். நான் புரோகிராமைப் பார்த்தேன், வெர்ஷனைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. சரிபார்க்கிறவருக்கு இயற்பியல் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அந்த மூன்று வாரத்தை வைத்துத்தான்.

முக்கால் மில்லிமீட்டர் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களைத் தினமும் பார்க்கும் ஊர் நம்முடையது. கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்னைத் தரமணியில் 2019இல் புரோட்டான் சிகிச்சை மையமே வந்துவிட்டது. கற்றை எங்கே நிற்கும் என்பதில் இருக்கும் சந்தேகத்துக்காகக் கட்டியைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்துத் திட்டமிடுகிறார்கள். அந்தச் சந்தேகத்தில் ஒரு பங்கு இந்த 75, 78 விவகாரத்திலிருந்தும் வருகிறது.

சரி, மென்பொருளின் கதை சுருக்கமாக. முன்பு ஃபோர்ட்ரானில் எழுதிய ஜியான்ட்3 இருந்தது. 1993இல் ஜெனீவாவில் இருக்கும் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலும் ஜப்பானின் கே.இ.கே. ஆய்வகத்திலும் தனித்தனியே மாற்று யோசனைகள் கிளம்பின. அவை ஆர்.டி.44 என்ற திட்டமாகச் சேர்ந்து, 1998 டிசம்பரில் சி பிளஸ் பிளஸ் மொழியில் ஜியான்ட்4இன் முதல் வெர்ஷன் வந்தது. இன்று செர்னின் பெரிய டிடெக்டர்களிலிருந்து செயற்கைக்கோள்களின் கதிர்வீச்சுக் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் இதைத்தான் எடுக்கிறார்கள். வழக்கமாக டிசம்பரில் புது வெர்ஷன் வரும். உங்கள் வழிகாட்டி இந்த வேலையைக் கொடுத்ததும் அதனால்தான்: ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைச் செய்தே ஆக வேண்டும்.

உங்கள் கேள்வியில் மூன்று வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரே வெர்ஷனை, ஒரே விதை எண்ணோடு (சிமுலேஷனின் தற்செயல் எண்களைத் தொடங்கி வைக்கும் எண்) மறுபடி ஓட்டினால் அதே விடை வருகிறதா? இது முதல் கேள்வி. இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. 57ஆவது நிகழ்வை (ஒரு துகளை விட்டு அதன் முழுப் பயணத்தையும் கணக்கிடுவது ஒரு நிகழ்வு), அதற்குரிய விதையோடு தனியாக ஓட்டுங்கள். பிறகு முதல் 56 நிகழ்வுகளுக்குப் பின்னால் ஓட்டுங்கள். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஒரு நிகழ்வின் ஞாபகம் அடுத்ததற்குள் கசிகிறது என்று பொருள். 2013 டிசம்பரில் வந்த 10.0 வெர்ஷனிலிருந்து நிகழ்வுகளை ஒரே சமயத்தில் ஓடும் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிகிறது. அந்தக் கசிவு இருந்தால் அங்கே அகப்படும்.

இரண்டாவது, பழைய வெர்ஷனுக்கும் புதியதற்கும் வித்தியாசம் உண்டா என்பது. மூன்றாவது, இரண்டில் எது இயற்கையோடு ஒத்துப்போகிறது என்பது. நிறையப் பேர் இரண்டாவதைச் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்ததாக எழுதுகிறார்கள். பழையதோடு பொருந்திவிட்டது என்றால், பழையது தப்பாக இருந்தால் புதியதும் அதே தப்பைச் செய்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வியில் வழுக்குகிற இடம் புள்ளியியல். 10,000 துகள்களை எண்ணினால் உங்கள் எண்ணிக்கையில் 1 சதவீதம் தடுமாற்றம் இருக்கும். 10 லட்சம் எண்ணினால் அது 0.1 சதவீதமாகக் குறையும். அரை சதவீத மாற்றத்தைப் பத்தாயிரம் துகள்களை வைத்துத் தேடுவது விறகுத் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. அப்புறம், எங்கள் குழுவில் ஒவ்வொரு முறையும் 400 வரைபடங்களை ஒப்பிடுகிறோம். பி மதிப்பு (உண்மையில் எதுவும் மாறாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே போனால் சிவப்பு. மென்பொருளில் ஒரு வரிகூட மாறாமல் விதையை மட்டும் மாற்றி ஓட்டினாலும் அதில் சுமார் 20 சிவப்பாகத்தான் வரும். அந்த எல்லையின் பொருளே அதுதான். ஆரம்பத்தில் சிவப்பு ஒவ்வொன்றுக்கும் ஒருவரை எழுப்பி விசாரித்துக்கொண்டிருந்தோம். இப்போது சிவப்புகள் எங்கே விழுகின்றன என்று பார்க்கிறோம். 400இலும் இறைந்து கிடந்தால் விட்டுவிடலாம். அவற்றில் எட்டுச் சிவப்பு ஒரே துகள், ஒரே பொருள், ஒரே ஆற்றல் எல்லையில் வந்து உட்கார்ந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. வழக்கமாக அப்படி உட்காரும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹாட்ரான்களுக்கு (புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்கள்) குறைந்த ஆற்றலில் ஒரு மாடல், அதிக ஆற்றலில் வேறொரு மாடல் வேலை செய்யும். சில ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஒன்று மற்றதிடம் வேலையை ஒப்படைக்கும். அந்த ஒப்படைப்பு எல்லையில் ஒரு சின்ன மேடோ பள்ளமோ தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கு அளவீடு வேண்டும். இங்கேதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போயின. என் தாத்தாவும் போனார். "கீழே இரும்புத் தகடா அடுக்கி இன்னாமோ எண்ணிக்கினு இருந்தாங்கப்பா" என்று சொல்வார். அவர் பார்த்தது புரோட்டான் சிதைகிறதா என்று தேடிய டிடெக்டர். 1980களில், 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே, 1965இல், வளிமண்டல நியூட்ரினோக்களை (வளிமண்டலத்தில் பிறந்து, எதையும் ஊடுருவிச் செல்லும் துகள்களை) உலகிலேயே முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று அந்தச் சுரங்கம். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து செய்தது. அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் பார்த்தார்கள்.

எந்த ஆழத்தில் எத்தனை மியூவான் (வளிமண்டலத்தில் பிறந்து பாறையையும் ஊடுருவி வரும், எலக்ட்ரானைவிடக் கனமான துகள்) வருகிறது என்றும் அங்கே அளந்து வைத்திருக்கிறார்கள். நான் ஒருமுறை அந்த எண்களோடு எங்கள் சிமுலேஷனை ஒப்பிட்டேன். முதலில் பொருந்தவில்லை. எல்லோரும் பயன்படுத்தும் 'ஸ்டாண்டர்டு ராக்'கை, கன செ.மீ.க்கு 2.65 கிராம் அடர்த்தி கொண்ட கற்பனைப் பாறையை, நானும் போட்டிருந்தேன். தங்கவயல் பாறை கன செ.மீ.க்கு 3 கிராம் அளவுக்குக் கனமானது. தண்ணீரில் செய்த அதே தப்பைப் பாறையில் செய்திருக்கிறேன். பாறையை மாற்றிய பிறகும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது: கட்டுரையில் கொடுத்திருக்கும் ஆழம் உள்ளபடி அளந்ததா, ஸ்டாண்டர்டு பாறைக்கு ஏற்கெனவே மாற்றி எழுதியதா? பழைய கட்டுரைகளை அடிக்குறிப்பு விடாமல் படிப்பது இதற்காகத்தான். இரண்டு தடவை மாற்றிவிட்டால் எண் அழகாகத் தப்பாக வரும்.

என் வேலையின் இன்னொரு பாதியான ஒருங்கிணைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு கூட்டம், கோடையில் நமக்கு இரவு 8 மணி. அப்போது ஜெனீவாவில் மாலை 4.30, கலிபோர்னியாவில் காலை 7.30. மே மாத வேலூரில் அந்த நேரத்திலும் சுவர் அனலாய் இருக்கும் என்பதால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். கூட்டத்தில் நான் விடாப்பிடியாகக் கேட்பது ஒன்றுதான். மாற்றம் செய்கிறவர் ஓட்டுவதற்கு முன்பே எழுதித்தர வேண்டும்: எந்த எண் மாறும், எந்தப் பக்கம் மாறும், எது மாறவே கூடாது. விடை வந்தபிறகு யாராலும் அதற்கொரு காரணம் சொல்லிவிட முடியும். முன்னாலேயே எழுதியது இருந்தால்தான் எதிர்பாராதது எது என்று தெரியும்.

இதில் சண்டையும் வரும். எங்கள் டிடெக்டர் வரைவில் ஒரு சிண்டிலேட்டர் (துகள் பாயும்போது ஒளி விடும் பொருள்) பலகையும் அதன் பக்கத்து எஃகுத் தகடும் 0.2 மி.மீ. ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தன. தெளிவான தவறு, திருத்தினோம். திருத்தியதும், கற்றைச் சோதனை அளவீட்டோடு 1 சதவீதமாக இருந்த வித்தியாசம் 3 சதவீதமாகிவிட்டது. பழையபடியே வைத்துவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கட்டுரை அனுப்பும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அவர்கள் அவசரம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்துக் காரணம் கிடைத்தது. சிண்டிலேட்டர் ஒளி எவ்வளவு மங்கும் என்பதைச் சொல்லும் பிர்க்ஸ் மாறிலியை, யாரோ முன்பு அந்தத் தப்பான வரைவை வைத்தே பொருத்தியிருக்கிறார்கள். ஒரு தப்பு இன்னொரு தப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஓர் அளவீட்டோடு பொருந்துவதை நம்பி மாறிலிகளைத் திருகாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் இப்போதும் சொல்கிறேன்.

உங்கள் புராஜெக்ட்டுக்கு வருவோம். இந்த வாரம் வெர்ஷன்களைத் தொடாதீர்கள். இரண்டு புரோகிராமிலும் ஒவ்வொரு பொருளின் அடர்த்தியையும் கிளர்ச்சி ஆற்றலையும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன்பின் ஆய்வகத்தில் சிண்டிலேட்டர் பலகை இரண்டு சும்மா கிடக்கிறதா என்று கேளுங்கள். கடல் மட்டத்தில் சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் அளவில் வந்துகொண்டே இருக்கிறது, காசு செலவில்லாத கற்றை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே சமயத்தில் இரண்டிலும் வருவதை மட்டும் எண்ணுங்கள். கல்லூரி மொட்டை மாடியில் ஒரு நாள், தரைத்தளத்தில் ஒரு நாள். நடுவில் எத்தனை கூரை, ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ. தடிமன் என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு சிமுலேஷனுக்கு வாருங்கள். பொருந்தாவிட்டால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.