செவிலியர் கல்வியும் மருத்துவமனைப் பணியும் சீர்பட முதலில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி கேட்டவர் இரண்டாம் ஆண்டு செவிலிய மாணவி. வகுப்பில் ஒரு முறை சொல்லித்தருகிறார்கள், வார்டில் வேறு விதமாக நடக்கிறது, எதைப் பின்பற்றுவது, இதைச் சீர்படுத்த வழியே இல்லையா என்று கேட்டிருக்கிறார். நான் 11 ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தேன். அதன்பின் 13 ஆண்டுகளாகக் கற்றுத்தருகிறேன். இரண்டு பக்கமும் நின்றவள் என்பதால் எழுதுகிறேன்.

நானும் இரண்டாம் ஆண்டு மாணவியாக இருந்தபோது நடந்தது இது. மாலை டூட்டி. வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஓர் அம்மாவை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து எழுதினேன். மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் 20 என்று போட்டேன். எண்ணவில்லை. காலை டூட்டியில் இருந்தவரும் 20 என்றுதான் எழுதியிருந்தார். முந்தைய நாள் முழுக்க 20. அந்த வார்டில் எல்லா நோயாளிகளுக்கும் எல்லா நேரமும் 20 தான். ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும், எண்ணுவது நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும் என்று வகுப்பில் படித்து, தேர்விலும் பிழையில்லாமல் எழுதியவள் நான். வார்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பாடம் என்னை விட்டுப் போயிருந்தது.

அந்தப் பக்கமாக வந்த மூத்த சிஸ்டர் ஒருவர் கட்டிலருகே நின்றார். நாடி பார்ப்பதுபோல் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண் மட்டும் மார்பின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. பிறகு கேஸ் ஷீட்டைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. “நீயே எண்ணிப் பார். அவசரப்படாதே, முழு நிமிடம்” என்றார். எண்ணினேன். 32 வந்தது. மருத்துவரை அழைத்தார்கள். நுரையீரலில் தொற்று. அன்று இரவே அந்த அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்தச் சிஸ்டர் அந்த நேரத்தில் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார். உடல்நிலை குலையத் தொடங்கும்போது பல நேரங்களில் ரத்த அழுத்தம் இறங்குவதற்கு வெகு முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012 இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, வெப்பம், ரத்த அழுத்தம், நாடி, நினைவுநிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 5 ஆனால் உடனே கவனிக்க வேண்டும். 7 ஆனால் அவசரக் குழு வர வேண்டும். இதில் மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண், அதாவது உச்சம். எவ்வளவு நுட்பமான முறையாக இருந்தாலும், கட்டத்தில் எழுதுகிற எண் எண்ணாமல் எழுதியதென்றால் அந்தக் கூட்டுத்தொகையால் யாருக்கும் பயனில்லை.

எனக்குப் பாடம் தெரியாமல் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. வார்டுக்கு என்று எழுதப்படாத ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, அதை நான் மிக வேகமாகக் கற்றுக்கொண்டேன். மாணவியின் கண் எப்போதும் மூத்தவர்களின் கைமேல்தான் இருக்கும். அவர்கள் எதைச் செய்கிறார்களோ அதுதான் அவளுக்குச் செவிலியம். எனக்கு மூச்சு எண்ணச் சொல்லித்தந்த ஆசிரியை அந்த வார்டில் ஒரு நோயாளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வாரத்தில் ஒருநாள் வருவார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கல்லூரி தந்த வேலை அவ்வளவுதான்.

எனவே என் பதில் இதுதான்: கற்றுத்தருகிறவர் நோயாளியின் அருகில் நின்று, தானும் பணி செய்துகொண்டே கற்றுத்தர வேண்டும். மற்ற சீர்திருத்தங்கள் எல்லாம் எனக்கு இதற்கு அடுத்ததுதான்.

இது புதிய எண்ணமும் இல்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860 இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் மாணவியர் வார்டிலேயே, சிஸ்டர்களின் கண்பார்வையில்தான் கற்றார்கள். அந்த வழக்கம் பரவியபோது மருத்துவமனைகள் மாணவியரைக் கூலியில்லாத ஆட்களாகப் பயன்படுத்தத் தொடங்கின என்பதும் வரலாறுதான். அதிலிருந்து மீட்கவே கல்வி பின்னாளில் கல்லூரிகளுக்குப் போனது. அது போக வேண்டியதும்கூட. ஆனால் போகிற போக்கில் ஆசிரியரும் வார்டை விட்டுப் போய்விட்டார். அமெரிக்காவில் மார்லின் க்ரேமர் என்ற செவிலிய ஆய்வாளர் 1974 இலேயே இதன் விளைவை எழுதிவிட்டார். படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வந்த செவிலியர்கள் தாங்கள் கற்ற மதிப்பீடுகளுக்கும் பணியிடத்தின் நடைமுறைக்கும் நடுவில் சிக்கி நிலைகுலைவதை அவர் ‘யதார்த்த அதிர்ச்சி’ என்று பெயரிட்டார். நீங்கள் கேட்டிருப்பதும் அந்த அதிர்ச்சியைத்தான். உங்களுக்குச் சற்று முன்கூட்டியே வந்திருக்கிறது, அவ்வளவே.

நான் ஆசிரியையானபின் சில ஆண்டுகள் போராடி ஒரு சிறு மாற்றத்துக்கு அனுமதி வாங்கினேன். முன்பு மாணவியர் வாரத்துக்கொரு வார்டாகச் சுற்றுவார்கள். அதை நிறுத்தி ஒரே வார்டில் ஆறு வாரம் வைத்தோம். ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் அதே வார்டில் மூன்று நான்கு நோயாளிகளைப் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். வார்டு சிஸ்டர்களில் கற்றுத்தர விருப்பமுள்ள இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, மாணவி உடனிருக்கும் நாளில் அவர்களுக்கு நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் நிர்வாகத்திடம் அதிகம் மன்றாட வேண்டியிருந்தது. எட்டுப் பேரைப் பார்க்கிற சிஸ்டரிடம் ‘இந்தப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுங்கள்’ என்று விட்டுவிட்டால் அவர் என்ன செய்வார்? படுக்கை விரிக்கவும், மாத்திரை வாங்கி வரவும் அனுப்புவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

முதல் இரண்டு வாரம் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து மாணவியர் கேட்கும் கேள்விகள் மாறின. ‘இந்த ஊசியை எப்படிப் போடுவது’ என்று கேட்டவர்கள், ‘இன்று இவர் இவ்வளவு தூங்குகிறாரே, நேற்று இப்படி இல்லையே, ஏன்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். நேற்று அந்த நோயாளியைப் பார்த்திருந்தால்தானே இன்றைய மாற்றம் கண்ணில் படும்? செவிலிய ஆய்வாளர் பாட்ரிஷியா பென்னர் 1984 இல் செவிலியத் திறனைத் தொடக்கநிலையிலிருந்து வல்லுநர்நிலை வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். தேர்ந்த செவிலியரையே பழக்கமில்லாத பிரிவுக்கு மாற்றினால் அவரும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடுவார் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பெரிய பாடம். அப்படியிருக்க, வாரம் ஒரு வார்டாகச் சுழலும் மாணவி எங்கே மேலே ஏறுவாள்?

ஆசிரியர்களுக்கும் நல்லது நடந்தது, எனக்கு முதலில். மூக்கு வழியாக உணவுக்குழாய் போட்டபின் சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டு, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதென்று முடிவு செய்வதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் கற்றுத்தந்தேன். நுரையீரலுக்குள் போன குழாயிலும் அந்தச் சத்தம் கேட்கலாம். அதனால் அந்த முறையை நம்பக்கூடாது என்று பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு முகமை 2005 இலேயே எச்சரித்துவிட்டது. குழாய்வழியே இரைப்பை நீரை எடுத்து அமிலத்தன்மையைச் சோதிக்க வேண்டும், பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஐயமிருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் வார்டில் இருந்த ஓர் இளம் சிஸ்டர். நான் வார்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பழைய முறையை இன்னும் எத்தனை தொகுதி மாணவியருக்குக் கற்றுத்தந்திருப்பேனோ. ஆகவே வகுப்பறை சொல்வதுதான் எப்போதும் சரி என்று எண்ணிவிடாதீர்கள்.

பொம்மையில் பழகும் செயல்முறை ஆய்வகம் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2014 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதியை இத்தகைய பாவனைப் பயிற்சியாக மாற்றியும் மாணவியரின் தேர்ச்சியில் குறைவு காணப்படவில்லை. இதைக் காட்டிப் பல கல்லூரிகள் விலையுயர்ந்த பொம்மைகளை வாங்குகின்றன. அந்த ஆய்வில் பயிற்சி தந்தவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் என்பதையும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் உட்கார்ந்து, என்ன நினைத்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று விரிவாகப் பேசினார்கள் என்பதையும் யாரும் எடுத்துச்சொல்வதில்லை. மாணவி கற்றது அந்தப் பேச்சில்தான் என்பது என் எண்ணம். இதயம் நின்றுபோனால் செய்யவேண்டியதை நோயாளிமேல் பழக முடியாது. அதற்குப் பொம்மை வேண்டும். பயந்துபோயிருக்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பொம்மை கற்றுத்தராது.

மாணவியர் கையில் திணிக்கும் செயல்முறைப் பதிவேட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தனை ஊசி, இத்தனை கதீட்டர், இத்தனை கட்டு என்று எண்ணிக்கை காட்ட வேண்டும். எண்ணிக்கை நிறைந்தால் தேர்ச்சி. இதனால் மாணவியின் கண் நோயாளியை விட்டுக் கட்டத்தை நிரப்புவதற்குப் போய்விடுகிறது. மூச்சுக் கட்டத்தில் 20 எழுதும் பழக்கம் அங்கேதான் விதைக்கப்படுகிறது.

அடுத்தது பேசுவது. நோயாளியின் நிலையை மருத்துவரிடம் தெரிவிக்க நான்கு பகுதி கொண்ட ஒரு முறை இருக்கிறது: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்யலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. முதல் இரண்டையும் மாணவியர் எளிதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில் குரல் தாழும். நான்காவதில் நின்றுவிடும். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று நான்கு ஆண்டுகளில் யாரும் கேட்காத ஒருத்தி, நள்ளிரவில் மருத்துவரை எழுப்பி ‘நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்’ என்று எப்படிச் சொல்வாள்? அதனால் நான் இப்போது ஒவ்வொரு நாளும் டூட்டி முடிகிறபோது ஒவ்வொருத்தியிடமும் ஒரு நோயாளியைப் பற்றி இந்த நான்கையும் கேட்கிறேன். தவறாகச் சொன்னாலும் முதலில் முழுதாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும் ஆள் போதாத வார்டில் எதுவும் நிற்காது. 2014 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வில், செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்திருந்தது. பட்டப்படிப்பு முடித்த செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடியபோது அதே வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. ஆள்பலமும் கல்வியும் ஒரே ஆய்வில் அருகருகே நிற்கின்றன. நிர்வாகத்திடம் பேசப் போகும்போது நான் கையில் எடுத்துச்செல்வது இந்த இரண்டு எண்களைத்தான்.

மருந்து கொடுக்கும் வேளையில் சிஸ்டரைக் கூப்பிடாமல் இருப்பதற்குச் செலவே இல்லை. குறுக்கீடு ஒவ்வொன்றும் மருந்துப் பிழையின் வாய்ப்பைச் சுமார் 12 சதவீதம் கூட்டுவதாக ஆஸ்திரேலியாவில் இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2010 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதைக்கூடப் பல வார்டுகளில் பின்பற்றுவதில்லை.

இனி உங்களுக்கு. வகுப்பும் வார்டும் முரண்படும்போது, ‘இது ஏன் இப்படி?’ என்று வார்டு சிஸ்டரிடம் தனியாக, பணிவாகக் கேளுங்கள். காரணம் சொன்னால் குறித்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். ‘இங்கே இப்படித்தான்’ என்பது மட்டுமே பதிலானால், உங்கள் நோயாளிக்கு நீங்கள் படித்தபடியே செய்யுங்கள். நேரம் கூடுதலாகும், சிலர் முகம் சுளிப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ள ஒரு தோழியையாவது உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்தால் இரண்டு வாரத்தில் தளர்ந்துவிடுவீர்கள், நான் தளர்ந்தேன்.

நாளை டூட்டிக்குப் போனதும் உங்கள் வார்டின் மூச்சுக் கட்டங்களை ஒருமுறை பாருங்கள். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால், முதல் கட்டிலில் தொடங்கி, நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள்.