சாவியை வாங்குங்கள், 'நல்ல நிலையில் பெற்றேன்' என்பதை வெட்டிவிடுங்கள்

கேள்வி: பாயான் லெப்பாசில் 480,000 ரிங்கிட்டுக்கு ஒரு கொண்டோ வீடு வாங்கியிருக்கிறோம். மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக, வங்கிக் கடனில். போன வாரம் சாவி எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனால், 'வீட்டைப் பார்வையிட்டேன், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்கிறார்கள். பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். ஹாலில் சில டைல்ஸைத் தட்டினால் உள்ளே ஒன்றும் இல்லாதது போல் சத்தம். பெரிய அறையின் குளியலறைக் கூரையில் ஈரக்கறை. கரண்டு இன்னும் இல்லை. எல்லாம் சரிசெய்த பிறகு சாவி வாங்குவோம் என்கிறார் கணவர். வாங்கிவிட்டு அப்புறம் பார்ப்போம் என்கிறார் அண்ணன். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம். என்ன செய்வது?
- வாசகி, பினாங்கு

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. சாவியை வாங்குங்கள். 'அப்புறம் பார்ப்போம்' என்ற மறுபாதிதான் பலரைப் பணம் இழக்க வைக்கிறது.

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது, ஆனால் ஒப்பந்தம் அவர் பக்கம் இல்லை. நீங்கள் கையெழுத்திட்டிருப்பது அட்டவணை எச் ஒப்பந்தம். 1989ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டு ஒழுங்குவிதிகள் அடுக்குமாடி வீடுகளுக்கென்று வகுத்த வடிவம் அது. தரை வீடுகளுக்கு அட்டவணை ஜி. சாவி எடுக்க வரச்சொல்லும் அறிவிப்பு கிடைத்து, ஒப்பந்தத்தில் உள்ள நாள்கள் கடந்துவிட்டால், நீங்கள் வாசற்படியை மிதிக்காவிட்டாலும் வீடு உங்கள் கைக்கு வந்துவிட்டதாகவே கணக்கு. குறைபாடுகளுக்கு மேம்பாட்டாளர் பொறுப்பேற்கும் 24 மாதங்கள் அப்போதே ஓடத் தொடங்கும். பராமரிப்புக் கட்டணமும், பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதியான சிங்கிங் ஃபண்டும் ஏறும். மூன்று மாதம் முறுக்கிக்கொண்டு நின்றால் மேம்பாட்டாளருக்கு ஒரு நட்டமும் இல்லை. உங்கள் 24 மாதம்தான் 21 ஆகும்.

சாவியை மறுக்க வலுவான காரணங்கள் இரண்டு. ஒன்று, கட்டட நிறைவு மற்றும் இணக்கச் சான்றிதழ், எல்லாரும் சி.சி.சி. என்று சொல்வது, இன்னும் வராமல் இருப்பது. மற்றொன்று, தண்ணீரும் மின்சாரமும் இணைப்புக்குத் தயாராக இல்லாமல் இருப்பது. கரண்டு இல்லை என்கிறீர்கள். மீட்டர் இல்லாதது வேறு, இணைப்புக்குத் தயாராக இல்லாதது வேறு. மின்சார நிறுவனமான டி.என்.பி.யில் உங்கள் பெயரில் கணக்குத் திறப்பது பெரும்பாலும் வாங்குபவர் வேலைதான். முதலில் சி.சி.சி. நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்தத் தாள். 'நல்ல நிலையில்' என்ற வரியை ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ 'சாவி மட்டும் பெற்றேன், குறைகளை எழுத்தில் தருகிறேன்' என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். உடனே அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்க மாட்டோம் என்றால், நடந்ததை அன்றே அவர்களுடைய அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட வாசகர்களும் பதற வேண்டாம். ஒப்பந்தத்தின் வடிவம் சட்டம் வகுத்தது. முகப்பில் நீட்டும் ஒரு தாள் 24 மாத உரிமையை அழிக்காது. அதன் பாதிப்பு வேறிடத்தில்: கீறல் விழுந்த கண்ணாடி, முனை உடைந்த சிங்க், பள்ளம் விழுந்த கதவு போன்றவற்றை 'நீங்கள் குடிவந்த பிறகு நடந்தது' என்று தள்ளிவிட அது அவர்களுக்கு உதவும்.

ஆகவே சாவி வாங்கிய அன்றே, ஒரு நாற்காலிகூட உள்ளே போகுமுன், கண்ணுக்குத் தெரியும் சேதங்கள் அனைத்தையும் படமெடுத்துவிடுங்கள். மீட்டர் வந்த பிறகு இரண்டாவது சுற்று. கரண்டும் தண்ணீரும் இல்லாத வீட்டைச் சோதிப்பது பாதிச் சோதனைதான்.

கையில் இருக்க வேண்டியவை: டார்ச் லைட், 1.2 மீட்டர் நேர்ச்சட்டம், நீர்மட்டம், அளவு நாடா, வாளி, பிளக்கில் செருகிப் பார்க்கும் சாக்கெட் டெஸ்டர், மாஸ்கிங் டேப், பேனா. முக்கியமாக ஒப்பந்தத்தின் முதலாம், நான்காம் அட்டவணைகளின் நகல். முதலாவதில் வரைபடம்; நான்காவதில் தரை, சுவர், கதவு, குழாய்ச் சாமான்கள், மின்புள்ளிகள் எல்லாம் என்ன, எத்தனை என்று இருக்கும். சாக்கெட்டுகளையும் ஏர்கான் புள்ளிகளையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அது வாக்குவாதத்துக்கு இடமில்லாத மீறல். விரிசலைப் பற்றி மணிக்கணக்கில் தர்க்கம் செய்யலாம், எண்ணிக்கையைப் பற்றிச் செய்ய முடியாது.

டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்: நடுவிலும் நான்கு மூலைகளிலும். சத்தம் வெறுமையாகக் கேட்டால் அடியில் கலவை முழுவதும் பரவவில்லை, அங்கங்கே உருண்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மூலை வெறுமையாக இருந்தால் கட்டில் கால் அழுத்தும்போது உடையும். தரைச் சூட்டில் விரிய இடம் விடாமல் ஒட்டிய ஹாலில் வரிசையாகக் கூடாரம் போல எழும்பி வெடிப்பதும் உண்டு. ஊசியால் கலவை ஏற்றிச் சரிசெய்கிறோம் என்பார்கள். ஓரிரு டைல்ஸுக்கு அது போதும்; பாதி ஹால் வெறுமை என்றால் பெயர்த்து ஒட்டச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு டைல்ஸுக்கிடையே 1 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் விரல் நகம் தடுக்கும். சுவரிலும் தரையிலும் 1.2 மீட்டர் சட்டத்துக்கு அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இவை கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் சி.ஐ.எஸ். 7 தர அளவுகள். உங்கள் ஒப்பந்தம் அவற்றைச் சொல்வதில்லை. மீறினாலே ஒப்பந்தமீறல் என்றும் ஆகிவிடாது. ஆனால் 'வேலைப்பாடு மோசம்' என்று நிரூபிக்கும்போது கையில் ஓர் அளவுகோல் இருக்கிறதல்லவா.

விரிசலில் இடம்தான் பேசும். பூச்சில் வலைபோலப் பரவும் மெல்லிய கோடுகள், காரை சீக்கிரம் காய்ந்ததால் வருபவை; பூசித் தீர்க்கலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் கோடு, மேலே சுமை தாங்கும் குறுக்குவிட்டமான லிண்டல் குறைவாக இருப்பதைக் காட்டக்கூடும். தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடு வந்தால், பூச்சுக்குள் கம்பிவலை வைக்காமல் விட்டிருக்கலாம். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தாலோ, பீம், தூண், தளம் இவற்றில் ஓடினாலோ, யாரையும் பூச விடாதீர்கள். பக்கத்தில் அளவு நாடா வைத்துப் படமெடுத்து, தனியார் பொறியாளரிடம் அறிக்கை வாங்குங்கள். பூசிவிட்டால் சான்று போய்விடும்.

குளியலறைக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அது தானாகத் தரையில் உள்ள வடிகால் வாயான ஃபுளோர் டிராப்பை நோக்கி ஓட வேண்டும். மூலையில் தேங்கினால் சரிவு தவறு. பிறகு டிராப்பைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, வாசல் விளிம்பைத் தாண்டாமல் 25 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினாலும், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் வந்தாலும் நீர்த்தடுப்புப் படலம் சரியில்லை. கீழ்வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், நல்லுறவு கெட வேண்டாம். பழுதைக் கீழிருந்து ரசாயனம் ஏற்றி அடைப்பது மலிவு, அடிக்கடி மீண்டும் ஒழுகும். டைல்ஸைப் பெயர்த்துப் படலத்தைச் சுவர் மேலும் ஏற்றிப் பூசி, ஒட்டுமுன் மறுபடி 24 மணி நேரச் சோதனை செய்வதே முறை.

மற்றவை சுருக்கமாக. ஏர்கான் வடிகுழாயில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே சிமெண்டு அடைந்திருப்பது அடிக்கடி நடக்கும். எல்லாக் குழாயையும் மூடி அரைமணி நேரம் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் சுவருக்குள் கசிவு. மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.டி.யின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் அதன் சுவிட்ச் உடனே விழ வேண்டும். ஜன்னல் ஓரத்து சிலிக்கானை ஹோஸ் குழாயால் நனைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர் மழை அதைச் செய்துவிடும். குறை உள்ள இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி எண்ணிட்டு, அதே எண்ணை வரைபட நகலிலும் படத்திலும் எழுதுங்கள்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம். குறைப்பட்டியலை மேம்பாட்டாளரின் செயலியில் பதிவுசெய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. எழுத்து மூலமான அறிவிப்பு மேம்பாட்டாளருக்குப் போக வேண்டும். அதன் நகல் மேம்பாட்டாளரின் வழக்கறிஞருக்கும் போக வேண்டும். விலையில் 5 விழுக்காட்டை அந்த வழக்கறிஞர் ஸ்டேக்ஹோல்டராக, அதாவது இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருப்பவராக, பிடித்து வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுக்கு அது 24,000 ரிங்கிட். அதில் 12,000 நீங்கள் வீட்டைப் பெற்று 8 மாதம் முடிந்ததும், மீதி 12,000 24 மாதம் முடிந்ததும் மேம்பாட்டாளருக்குப் போகும். அந்தந்தக் கெடுவுக்குள் அறிவிப்பின் நகல் வழக்கறிஞருக்குச் சேர்ந்திருந்தால், குறைகள் சரிசெய்யப்பட்டதாக மேம்பாட்டாளரின் ஆர்க்கிடெக்ட் சான்று தரும்வரை அவர் பணத்தை விட முடியாது. இது வங்கி கட்டிய பணம் என்பதால், அப்படி ஒரு தொகை இருப்பதே நினைவில் இருப்பதில்லை. மேம்பாட்டாளருக்கோ நன்றாக நினைவிருக்கும்.

பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் 'பெற்றோம்' முத்திரை வாங்குங்கள். வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்கும். எட்டாம் மாத முடிவை இன்றே நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று வாரம் முன் இன்னொரு முறை வீடு முழுக்கப் பார்த்து, புதிதாகத் தெரிவதையும் அறிவிப்பாக அனுப்புங்கள். இருபத்து நான்காம் மாதத்துக்கும் அப்படியே.

அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நீங்களே ஆள்வைத்துச் செய்து செலவைக் கேட்கலாம், ஆனால் வரிசை முக்கியம். 30 நாள் முடிந்ததும் ஒப்பந்தக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்கி, 'இவ்வளவு செலவாகும், நான் செய்யப்போகிறேன்' என்று மேம்பாட்டாளருக்கு எழுதி, ஒப்பந்தம் அவருக்குத் தரும் கடைசி வாய்ப்பு நாள்களை விட வேண்டும். அதன் பிறகுதான் வேலை. முடிந்ததும் பில்லோடு வழக்கறிஞருக்குக் கோரிக்கைக் கடிதம். முதலில் பழுது பார்த்துவிட்டு ரசீதை நீட்டுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

உங்கள் குளியலறைக் கூரை ஈரக்கறையை இந்தப் பட்டியலில் சேருங்கள். கட்டடத்தின் மற்றப் பகுதிகளில் உள்ள குறைக்கும் மேம்பாட்டாளர் பொறுப்பு. கூடவே, தனியாக ஒரு கடிதம் கட்டட நிர்வாகத்துக்கு. தொடக்கக் காலத்தில் நிர்வாகமும் மேம்பாட்டாளர் கையில்தான் இருக்கும். 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாக ஒழுங்குவிதிகளின்படி புகார் கிடைத்த 7 நாளுக்குள் ஆய்வு செய்து, காரணத்தைச் சான்றிதழில் எழுதித் தர வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். மேல்வீட்டுச் சாவியை இன்னும் யாரும் வாங்கவில்லை என்றால் இதுவே நல்ல நேரம், ஆள் குடிவந்த பிறகு குளியலறையைப் பெயர்க்க வைப்பது பெரும்பாடு. நிர்வாகம் அசையாவிட்டால் பினாங்கு மாநகராட்சியில் உள்ள கட்டட ஆணையர் பிரிவில் முறையிடலாம். கோலாலம்பூர் வாசகர்களுக்கு அது அங்குள்ள மாநகராட்சியான டி.பி.கே.எல்.

எதுவும் நடக்கவில்லை என்றால் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றம். 2002 டிசம்பர் முதல் செயல்படுகிறது, வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் கீழ். மனுக் கட்டணம் 10 ரிங்கிட், வரம்பு 50,000 ரிங்கிட். ஒரே விவகாரத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு மனு போட முடியாது. குறைபாட்டுக் காலம் முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மனு போக வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்கள் ஆஜராக முடியாது. எங்கள் தொழிலுக்கு நட்டம், உங்களுக்குச் செலவு மிச்சம். எண்ணிட்ட படங்கள், அறிவிப்புகள், தபால் ரசீது, விலைப்பட்டியல், இருந்தால் பொறியாளர் அறிக்கை, இவ்வளவும் ஒரே கோப்பில் இருக்கட்டும். தீர்ப்பை நிறைவேற்றாத மேம்பாட்டாளருக்கு அபராதமும் சிறையும் உண்டு. 50,000ஐத் தாண்டும் பெரிய சேதம் என்றால் நீதிமன்றம்தான். ஒப்பந்த மீறல் வழக்குக்குப் பொதுவான காலவரம்பு 6 ஆண்டு என்பதால், 24 மாதம் முடிந்ததோடு எல்லாக் கதவும் அடைபட்டுவிடாது.

இதற்கிடையில் இரண்டு. குறை இருக்கிறது என்று பராமரிப்புக் கட்டணத்தையோ வங்கித் தவணையையோ நிறுத்தாதீர்கள். அவை தனிக் கடமைகள். ரெனவேஷனையும் அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். குளியலறையில் உங்கள் ஆள் ஒரு டைல்ஸை உடைத்தாலும், கசிவுக்குக் காரணம் அவரே என்ற பதில் வரும். தவிர்க்க முடியாது என்றால் அந்த அறையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

பழுது பார்க்க வரும் தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் ஒரு தாளை நீட்டுவார்கள். பட்டியல் முழுவதற்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வேண்டாம். பார்த்த எண்களுக்கு மட்டும் எதிரில் தேதியோடு சுருக்கொப்பம் இடுங்கள். குளியலறைக்கு, 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்த மறுநாள்தான்.